கால் விழுந்த நாயை நடக்க வைக்கும் படிப்பு

ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது நாய்தான். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, நீளமான கால். 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் இதுவும் ஒன்று. ஓடுவதற்கும் தோப்புக் காவலுக்கும் என்றே அமைந்த உடம்பு.

அந்த நாய் ஒருநாள் எழுந்திருக்கவில்லை என்றால்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வரும் வழி திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் ஓயாத இப்படிப்பட்ட சாலைகளில் அடிபட்டு இடுப்பு முறிகிற நாய்கள் உண்டு. தடுப்பூசி போடாத குட்டிக்கு டிஸ்டம்பர் வந்து, காய்ச்சல் தணிந்த பிறகு பின்னங்கால் விழுந்துவிடுவதும் உண்டு. டாக்டர் ஆபரேஷன் செய்வார், மருந்து கொடுப்பார், உயிர் தங்கிவிடும். அப்புறம்? பின்பாதியை இழுத்துக்கொண்டு நகரும் பெரிய நாயை வைத்துக்கொண்டு வீட்டார் திணறுவார்கள். ‘ஊசி போட்டு அனுப்பிடலாமா’ என்ற பேச்சு அப்போதுதான் எழும். சில நேரம் அதுவே சரியான முடிவு. பல நேரம் அவசர முடிவு.

அந்த இடைவெளியில் வேலை செய்பவர்தான் விலங்குகளுக்கான பிசியோதெரபிஸ்ட். பிரிட்டனில் விலங்குகளைக் கவனிக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கு 1985 முதலே சங்கம் இருக்கிறது. அமெரிக்காவில் 2010-ல் இது கால்நடை மருத்துவத்தின் தனிச் சிறப்புப் பிரிவாகவே ஏற்கப்பட்டது. நம் ஊரில் இன்னும் பலருக்குப் பெயரே புதிது.

வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் மாயம் ஒன்றும் இல்லை. படுத்த நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண். மடங்கிப்போன மூட்டுகளை மெதுவாக நீட்டி மடக்க வேண்டும். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிற்க வைத்து, நான்கு அடி நடத்த வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரையில் மிதியடி விரிக்கச் சொல்ல வேண்டும். சிறுநீர் தானாகப் போகாவிட்டால் அடிவயிற்றை அழுத்தி வெளியேற்ற வீட்டாருக்குக் கற்றுத்தர வேண்டும். பாதி வைத்தியம் வீட்டார் கையில்தான்.

பெரிய ஊர்களில் தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில் வைத்திருக்கிறார்கள். இடுப்பு மூட்டு அளவுக்குத் தண்ணீர் நிரப்பினால், நாயின் கால்கள் தாங்குவது உடல் எடையில் 38 சதவீதம்தான். முழங்கால் அளவு என்றால் 85 சதவீதம். அதனால் எவ்வளவு தண்ணீர் என்பதே மருந்தின் அளவு மாதிரி. தோட்டத்தில் பம்புசெட் தொட்டி இருப்பவர்கள் அதிலேயே முயலலாம். ஆனால் தையல் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகுதான். பிடித்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

ராஜபாளையம் நாயிடம் இன்னொரு விஷயமும் உண்டு. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிட்டுத்தன்மை இந்த இனத்தில் காணப்படுகிறது. காது கேளாத நாயைப் பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் அது பதறிக் கடிக்கும். முகத்துக்கு எதிரே வந்து, கை ஜாடை காட்டி, பிறகு தொட வேண்டும்.

சரி, என்ன படிப்பது? நேர் வழி பி.வி.எஸ்சி. பயிற்சிக் காலம் சேர்த்து ஐந்தரை ஆண்டு. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். 1903-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரி வரை போக வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலியிலும் தேனியிலும் கல்லூரிகள் உண்டு. அதன்பின் அறுவை சிகிச்சையில் முதுநிலைப் படிப்பு, அல்லது நாய் மறுவாழ்வு சிகிச்சைக்கென்று வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் சான்றிதழ்.

மனிதர்களுக்கான பி.பி.டி. முடித்தவர்களும் ஆசைப்படுகிறார்கள். தசையும் மூட்டும் அவர்களுக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் 1984-ம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் விலங்குக்கு வைத்தியம் பார்க்கலாம். எனவே பி.பி.டி. படித்தவர் டாக்டரோடு சேர்ந்து இயங்க வேண்டும். தனியாக போர்டு மாட்ட முடியாது. லட்சக்கணக்கில் பணம் கட்டி ஏதோ ஒரு ஆன்லைன் சான்றிதழ் வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குதிரை மீது பிரியம் என்றால் இன்னும் தூரம் போக வேண்டும். பந்தயக் குதிரைக்கு முன்னங்கால் தசைநாண் கிழிந்தால், கையில் பிடித்து நடத்தும் நிமிடங்களை வாரா வாரம் கூட்டிக்கொண்டே போய், மறுபடி ஓட வைக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகலாம். குதிரைகளுக்கான தேசிய ஆராய்ச்சி மையம் ஹரியானாவின் ஹிசாரில் இருக்கிறது. ராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடைப் பிரிவு மையம் மீரட்டில்.

பிழைப்பு எப்படி? சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் தனியார் செல்லப்பிராணி மருத்துவமனைகளில் இடம் கிடைக்கும். ராஜபாளையத்தில் இதை மட்டுமே நம்பிக் கடை திறப்பது கஷ்டம். பொது வைத்தியத்தோடு சேர்த்துச் செய்தால் நிற்கலாம்.

ஆர்வமுள்ள பிள்ளைகள் விடுமுறையில் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் அனுமதி கேட்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கலாம். நாயைத் தொட்டுப் பழக இறங்குபவர்கள், கடி வாங்கும் முன்பே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசியை முதலில் போட்டுக்கொள்ள வேண்டும்.