கொப்பி பண்ணினால் தப்பலாம்

இந்த வார எபிசோடில், ஸ்ட்ரீமிங்கில் காசு குடுத்து "வாங்கின" படம் உண்மையில் யாருடையது என்று பேசினோம். நேரம் போதாமல் ஒரு விஷயம் விட்டுப்போச்சு. இதே கேள்வியை ஒரு பேய்ப்படம் 1998-லேயே கேட்டுவிட்டது. ஹிடியோ நகாட்டா இயக்கிய ஜப்பான் படம், 'ரிங்கு'. 2002-இல் ஹாலிவுட் அதை 'த ரிங்' என்று திரும்ப எடுத்தது. முடிவைச் சொல்லப்போறன். பார்க்காத ஆக்கள் பார்த்துட்டு வாங்கோ.

கதை சிம்பிள். ஒரு வீடியோ கேசட் இருக்கு. பார்த்தால் ஏழு நாளில் சாவு. ரெய்கோ என்ற பத்திரிகையாளர் அதைப் பார்த்துவிடுகிறார். கிணற்றுக்குள் கிடக்கும் சடாகோவின் எலும்புகளை எடுத்தால் சாபம் தீரும் என்று நினைக்கிறார். அவர் தப்புகிறார், ஆனால் கூடத் தேடிய முன்னாள் கணவர் ரியூஜி சாகிறார். ஏன்? ரெய்கோ கேசட்டைக் கொப்பி பண்ணி ரியூஜிக்குக் காட்டியிருந்தார். ரியூஜி ஒருவருக்கும் கொப்பி பண்ணிக் குடுக்கவில்லை. அவ்வளவுதான்.

வைரஸ் மாதிரிப் பரவுற பயம் என்றுதான் இந்த முடிவைப் பலரும் விளக்குவார்கள். எனக்கு அது பேய்க்கதையாகவே தெரியவில்லை. பதிவு செய்த எந்தப் பொருளுக்கும் அதுதான் விதி: கொப்பி இல்லாதது செத்துப்போகும்.

வி.எச்.எஸ் காலத்தில் அந்த விதி எங்கள் கையில் இருந்தது. டி.வி-யில் போறதை பிறகு பார்க்க வீட்டில் ரெக்கோர்ட் பண்ணலாம் என்று 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் 5-க்கு 4 என்ற ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். 'ரிங்கு' வந்த அதே 1998-இல் அமெரிக்காவில் இன்னொரு சட்டம் வந்தது. டிஜிட்டல் பூட்டை உடைப்பதே அதன்படி குற்றம். இரண்டு கேசட் டெக்கை வயரால் கொழுவிக் கொப்பி எடுத்த காலம் அதோடு முடியத் தொடங்கிவிட்டது.

சடாகோ இப்ப ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்பில் வந்தால் ரெய்கோவின் கதி என்ன? ஸ்கிரீன் ரெக்கோர்ட் பண்ணினால் பல ஆப்களில் வெறும் கறுப்புத் திரைதான் வரும். ஏழாம் நாளுக்கு முன் லைசன்ஸ் முடிந்தால் சடாகோவே காணாமல் போயிடுவாள்! கலிஃபோர்னியாவில் 2025 முதல், இப்படி விற்கும்போது நீங்கள் வாங்குவது லைசன்ஸ் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கு. நல்லது. ஆனால் சொல்லிவிட்டுப் பறித்தாலும் பறிப்புத்தானே?

"அப்ப பைரசி சரியோ?" என்று கேட்பீங்கள். அது நியாயமான கேள்வி. எங்கட அம்மா அப்பா தமிழ்க் கடைகளில் வாடகைக்கு எடுத்த படக்கொப்பிகளில் பலதுக்கும் அனுமதி இருக்கவில்லை. படம் எடுத்தவருக்குக் காசும் போய்ச் சேரவில்லை. அதை நான் நியாயப்படுத்த வரேல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: காசு குடுத்த பொருளுக்கு வீட்டில் ஒரு கொப்பி வைத்திருக்க உரிமை வேணும். அது கிடைக்கும்வரை, உங்களுக்குப் பிடித்த படத்தை டிஸ்க்காக வாங்குங்கோ.

இன்னொரு வகைக் கேசட்டும் இருக்கு. அதை எந்த ஸ்ட்ரீமிங் கம்பனியும் எடுத்து வைக்கப்போறதில்லை. பெரியம்மாவின் கலியாணவீடு, அக்காவின் சாமத்தியவீடு, ஊரில் இருந்து யாரோ கையில் குடுத்துவிட்ட கேசட். 90-களில் எடுத்ததுக்கு இப்ப 30 வயசு. காந்த நாடா சும்மா பெட்டிக்குள் இருந்தாலும் பழுதாகும். கடைசியாக வி.சி.ஆர் செய்துகொண்டிருந்த ஃபுனாய் கம்பனியும் 2016-இல் நிறுத்திவிட்டது. இலங்கையில் எடுத்த கேசட் பால் முறையில் இருக்கும், வட அமெரிக்க டெக் என்.டி.எஸ்.சி. இரண்டும் ஓடுற மல்டி சிஸ்டம் டெக் தேடவேணும். அதுவும் வருசா வருசம் குறைஞ்சுகொண்டே போகுது.

அதனால் இந்தக் கிழமையே வீட்டில் கேளுங்கோ, கேசட் எங்க இருக்கு என்று. டெக் கிடைத்தால் ஒரு யு.எஸ்.பி கப்சர் கருவி போதும். இல்லையென்றால் மாற்றித் தரும் கடைக்குக் குடுங்கோ. ஃபைல் வந்ததும் ஒன்றை வீட்டில் வையுங்கோ, இன்னொன்றை வேற நாட்டில் இருக்கிற மச்சாளுக்கு அனுப்புங்கோ. அதில் யார் யார் நிற்கிறார்கள் என்று அம்மம்மாவிடம் கேட்டுப் பெயரையும் எழுதி வையுங்கோ. அந்த முகங்களைத் தெரிந்த ஆக்களும் குறைஞ்சுகொண்டுதான் போகினம்.