டெம்லோ எண்ணும் நம் ஏளனமும்

12345678987654321: ஒன்பது ஒன்றுகளாலான 111111111இன் வர்க்கம். இலக்கங்களின் கூட்டுத்தொகை 81, அதுவும் வர்க்கமே. மும்பைக்கு அருகே இவ்வெண்ணம் உதித்த ரயில் நிலையத்தின் பெயரால் இத்தகையவற்றை ‘டெம்லோ எண்கள்’ என்றழைத்தார் கப்ரேக்கர்.

புணே பெர்குசன் கல்லூரியில் பயின்று, தேவ்லாலியில் பள்ளியாசிரியராகப் பணிபுரிந்தவர் அவர். முனைவர் பட்டம் இல்லை. ஆகவே அவர் பெயரோடு ‘பொழுதுபோக்கு’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. ‘பத்தடிமான எழுத்துமுறையின் தற்செயல்தானே?’ என்பர், கல்லூரிகள் நிறைந்த இந்நகரிலும்.

தற்செயலா? பத்து ஒன்றுகளை வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 1234567900987654321. நடுவில் வரவேண்டிய 10 ஓரிலக்கத்தில் அடங்காமல் இடப்பக்கம் வழிந்து, அழகு குலைகிறது. இதிலேயே விடை இருக்கிறது. எந்த அடிமானத்திலும், அதனினும் ஒன்று குறைவான எண்ணிக்கை வரை ஒன்றுகளை அடுக்கினால், வர்க்கத்தின் இலக்கங்கள் ஒழுங்காக ஏறி இறங்கும். பதினாறடிமானத்தில் பதினைந்து ஒன்றுகள் வரை. இது பத்தைச் சாராத தேற்றம். (பொதுமைப்படுத்தலை மாணவர்க்குப் போதிப்போர் ஒருமுறை முயன்றிருக்கலாம்.)

1975இல் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்க இதழொன்றில் எழுதிய பின்னரே உலகம் அவரைக் கவனித்தது. 1949இல் சென்னை மாநாட்டில் அவர் அறிவித்த 6174ஐ இன்று மேடைதோறும் காட்டிக் கைதட்டல் பெறுவோரே, அதே மனிதரின் எண்களில் ஆய்வுத் தலைப்புக் கேட்டு வரும் மாணவரை ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள்?