ராத்திரி ஒரு மணிக்கு யார் இருக்கிறார்கள்?

சகோதரிகளே, பெரியவர்களை முதியோர் இல்லத்தில் விடுவது சரியா, தப்பா என்று வாதாட நான் இங்கே வரவில்லை. அந்த வாதத்துக்கு முடிவே கிடையாது. மகன் ஒரு தேசம், மகள் ஒரு தேசம் என்று ஆகிவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. விட்டாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நாம் என்னென்ன விசாரிக்கிறோம்? சாப்பாட்டில் காரம் குறைவா, வெந்நீர் உண்டா, டாக்டர் வாரா வாரம் வருகிறாரா, எல்லாம் கேட்கிறோம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. போன மே மாதம் வரையில் நானும் கேட்டதில்லை.

என் பெரியம்மா, சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் ஓர் இல்லத்தில் இருக்கிறாள். வயது எண்பத்திரண்டு. அவளுக்கு ஜுரம் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனவள், துணைக்கு அன்று ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன். குறை சொல்ல முடியாத இடம். வாசலில் வேப்பமரம், துடைத்து வைத்த தரை, நேரத்துக்கு ராகிக் கஞ்சி. மொத்தம் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

அந்தப் பக்கத்துச் சித்திரை, வைகாசி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பகலெல்லாம் அடுப்பு மாதிரி காய்ந்துவிட்டு, ராத்திரியில் சூறைக்காற்றும் இடியுமாக ஒரு மழை வரும். மழை வந்தால் முதலில் போவது கரண்டு. அன்றும் போயிற்று. மணி ஒன்று இருக்கும். கொஞ்ச நேரத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டரிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. பிறகு புகை.

ராத்திரி வேலைக்கு இருந்தது ஒரே ஓர் ஆயா. வாசல் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. ஞாபக மறதி உள்ள ஒரு தாத்தா ரோட்டுக்குப் போய்விடுகிறார் என்பதற்காகப் பூட்டுவது வழக்கமாம். சாவி எங்கே? மானேஜரைக் கேட்க வேண்டும். அவரோ ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆயா மேஜை டிராயரைக் குடைந்தாள். சாமி படத்துக்குப் பின்னால் தடவினாள். கடைசியில் சமையலறை ஆணியில் சாவி கிடைத்தபோது கால் மணி நேரம் போயிருந்தது. நல்ல வேளை, கருகியது ஒரு ஒயர்தான். அது தானாக அணைந்துவிட்டது.

எல்லாரும் "அப்பத்தா" என்று கூப்பிடுகிற ஒரு கிழவி, இடுப்பு எலும்பு முறிந்து நாலு வருஷமாகக் கட்டிலோடு இருப்பவள், இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, நெருப்புப் பிடிச்சிருந்தா என்னை யாரு தூக்கியிருப்பாங்க?" என்று கேட்டாள்.

நான் ஆயாவைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "நானும் தெனமும் அதைத்தானுங்க நெனச்சுக்கிட்டுப் படுக்கறேன். எட்டுப் பேரு எந்திரிச்சு நடக்க மாட்டாங்க. நான் ஒருத்தி. யாரை மொதல்ல தூக்கறதுன்னு எனக்கு யாருமே சொல்லித் தரலீங்க, அக்கா."

அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்த வாரத்து விஷயம்.

2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதி தீப்பற்றி எரிந்தது. 28 பேர் மாண்டுபோனார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள், ஓட முடியவில்லை. "முதியோர் இல்லத்தில் சங்கிலி ஏது?" என்பீர்கள். சாவி அகப்படாத பூட்டும், எழுந்து நிற்காத காலும் சங்கிலி இல்லாமல் வேறென்ன?

நெருப்பு மட்டுந்தான் ஆபத்து என்றும் இல்லை. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவை ஒரு பெரும்புயல் தாக்கியது. அங்கே முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் குளிர்சாதனம் நின்றுபோயிற்று. கட்டடம் இடியவில்லை, வெள்ளம் புகவில்லை. உள்ளே வெறும் புழுக்கந்தான். அந்தப் புழுக்கத்தில் 12 பேர் உயிர் போனது. கூப்பிடு தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது என்பதுதான் பரிதாபம். பணத்துக்கும் சாமான்களுக்கும் குறைவில்லாத தேசத்திலேயே இப்படி. வேளை தவறாமல் முடிவு செய்து அவர்களை அங்கிருந்து மாற்ற ஒருவரும் முன்வரவில்லை.

மறுநாள் மானேஜரிடம் பேசினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, முகம்தான் வெளுத்துப் போயிற்று. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கேட்டார். அவர்கள் வந்து செய்து காட்டினார்கள். சிப்பந்திகள் எல்லாரையும், முக்கியமாக ராத்திரி ஆயாக்களை, உட்கார வைத்துப் பேசினோம். அதில் முடிவானவற்றைச் சொல்கிறேன். வீட்டிலேயே பெரியவர்களை வைத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கும் இதில் பாதி உபயோகப்படும்.

முதலில் சாவி. வாசலுக்கு உட்புறம், கை எட்டும் உயரத்தில் ஓர் ஆணி. சாவிக்கு எப்போதும் அதுதான் இடம். பக்கத்தில் ஒரு டார்ச். ஒவ்வோர் ஆயாவும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை அந்தப் பூட்டைத் திறந்து காட்ட வேண்டும்.

அடுத்தது கட்டிலில் ஒரு துணி நாடா. தானே நடப்பவருக்குப் பச்சை, கைத்தாங்கல் வேண்டியவருக்கு மஞ்சள், தூக்க வேண்டியவருக்குச் சிவப்பு. புதிதாக வந்த ஆயாவுக்கும் ஒரு பார்வையில் விஷயம் விளங்கிவிடும். நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பவரை முதலில் வெளியேற்றி, அந்த அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். சாத்திய கதவு புகையைக் கொஞ்ச நேரமாவது தடுத்து நிறுத்தும். பிறகு பச்சை நாடாக்காரர்கள் கைகோத்துக்கொண்டு வெளியேறினால், ஒரே நடையில் பத்துப் பேர் தப்பிவிடுவார்கள். அதற்குப் பின் மஞ்சள், சிவப்பு. புகை மேலே நிற்கும். ஆகையால் குனிந்து போக வேண்டும். லிப்ட் இருந்தால் அதன் பக்கமே போகக் கூடாது.

சரி, சிவப்பு நாடாவை ஒருத்தி எப்படித் தூக்குவது? தூக்க வேண்டாம், இழுத்தால் போதும். பவானி ஜமக்காளம் இருக்கிறதே, அதை நாலாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். ஆபத்து என்றால் கட்டிலை ஒட்டி விரித்து, ஆளை மெள்ள அதன்மேல் இறக்கி, தலைமாட்டுப் பக்கத்து இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, தலை முன்னால் வரும்படி இழுக்க வேண்டும். பழுதான இடுப்போடு விளையாட வேண்டாம் என்று, ஒத்திகையில் என்னைத்தான் படுக்க வைத்தார்கள். நானோ ஒல்லி இல்லை. ஆயா ஒருத்தியாகவே என்னைத் தாழ்வாரம் தாண்டி வாசல்வரை இழுத்துவிட்டாள்! பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "எனக்கும் பல்லக்கு வந்துருச்சு, சாமி!" என்று சிரித்தாள்.

மூன்றாவது, போன். ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112. இந்த எண்களோடு இல்லத்தின் விலாசமும், பக்கத்தில் உள்ள அடையாளமும் கொட்டை எழுத்தில் சுவரில் இருக்க வேண்டும். பதற்றத்தில் சொந்தப் பெயரே மறந்துவிடும். இதைவிட முக்கியம், மானேஜரைக் கேட்காமலே கூப்பிட ஆயாவுக்கு அதிகாரம் உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். "வீணாக ஆம்புலன்ஸை வரவழைத்தாய்" என்று ஒரு தடவை திட்டு வாங்கியவள், அடுத்த தடவை விடியட்டும் என்று காத்திருப்பாள்.

நான்காவது, பெயர் எழுதிய ஒரு பை. மருந்துச் சீட்டின் நகல், மூன்று நாள் மாத்திரை, கண்ணாடி, உறவினர் போன் எண். ஆற்றங்கரைப் பக்கத்து இல்லங்களுக்கு இது கட்டாயம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் அணை நிரம்பி உபரி நீரைத் திறந்தபோது, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளில் காவேரி புகுந்து, ஜனங்களை முகாம்களுக்கு மாற்றினார்கள். இளவட்டம் கடைசி நிமிஷத்தில் ஓடிவிடும். கிழவர்களை மாற்ற ஒரு பகல் பொழுது வேண்டும். எச்சரிக்கை வந்த அன்றே, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும்.

வெயிலும் அப்படித்தான். நூறு டிகிரியைத் தாண்டுகிற நாளில் கரண்டு போனால், வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுக்க வேண்டும். பேச்சு குழறி, உடம்பு நெருப்பாகச் சுட்டால், "கிழம் உளறுகிறது" என்று விட்டுவிடாதீர்கள். ஈரத்துணி போட்டு, விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

இவ்வளவுக்கும் ஆன செலவு ஜமக்காளம், நாடா, டார்ச், ஆணி. ராத்திரிக்கு இன்னோர் ஆயாவைப் போட்டதுதான் பெரிய செலவு. அதை நாங்கள், வெளியே இருக்கும் பிள்ளைகளும் பெண்களும், மாதா மாதம் பகிர்ந்துகொள்கிறோம். இலவசமாக எல்லாம் ஆகிவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை உங்கள் பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது, ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு டார்ச்சும் வாங்கிக்கொண்டு போங்கள். பகலில் மானேஜரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், இருட்டின பிறகும் கொஞ்ச நேரம் இருங்கள். ராத்திரி ஆயாவை உட்கார வைத்து, "உனக்கு என்னம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?" என்று பிரியமாகக் கேளுங்கள். நம்முடைய அம்மாவின் உயிர் அவள் கையில்தான் இருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை என்றால், சொல்லிக் கொடுக்காதவர்களில் நாமும் சேர்த்திதான்.