பெத்த அப்பனா, வளர்த்த திருடனா?

"கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி" இரண்டாம் பாகத்தைப் பார்த்தவர்களிடம் படம் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வருகிறது. "செம காமெடி மச்சி, ஆனா நடுவுல உக்காந்து பேசிட்டே இருக்கானுங்க" என்பது ஒன்று. "கடைசில கண்ணு கலங்கிடுச்சு" என்பது இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், பல நேரம் இந்த இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். நடுவில் உட்கார்ந்து பேசியதால்தான் கடைசியில் கண் கலங்கியது என்பது மட்டும் அவருக்குத் தோன்றுவதில்லை.

படம் வந்தது 2017 மே 5. அப்போது அரை டிக்கெட் வயதைத் தாண்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது காலேஜில் இருக்கிறார்கள். மார்வெல் படங்களில் எது பெஸ்ட் என்று கேன்டீனில் சண்டை வந்தால், முதல் பாகத்துக்கு ஓட்டு போட ஒரு கும்பல் இருக்கிறது, 2023-ல் வந்த மூன்றாம் பாகத்துக்கும் ஒரு கும்பல் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட இந்த இரண்டாம் பாகத்துக்கு மட்டும் வக்கீல் இல்லை. அந்த வக்காலத்துதான் இது.

கதை தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. (படம் பார்க்காதவர்கள் மன்னிக்கணும், முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.) பீட்டர் க்வில் என்ற பூமிப் பையனைச் சின்ன வயதில் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தவன் யோண்டு, நீல நிறத் திருடன். பீட்டருக்கு அப்பா யாரென்றே தெரியாது. இந்தப் பாகத்தில் அந்த அப்பா வருகிறார். சாதாரண ஆள் இல்லை, பெயர் ஈகோ, ஒரு கிரகமே அவர்தான். கிட்டத்தட்ட கடவுள். அழகாகப் பேசுகிறார், மகனோடு ஒளிப்பந்து போட்டு விளையாடுகிறார். அப்புறம்தான் தெரிகிறது, அவருக்கு மகன் தேவையில்லை, அண்டம் முழுக்கத் தன்னையே பரப்புவதற்கு ஒரு பேட்டரி தேவை. பீட்டரின் அம்மா தலையில் கட்டியை வைத்ததும் அவரேதான். அப்பனை மகன் அழிக்கிறான், வளர்த்த திருடன் அவனைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இதை வேறு மாதிரி சொன்னால் சட்டென்று புரியும். 2014-ல் வந்த முதல் பாகத்தில் இந்தக் கூட்டம் ஒரு கூட்டாண்மை நிறுவனம். ஒரு உருண்டை, அதை விற்றால் வருகிற காசு, ஆளுக்கு ஒரு பங்கு. அவ்வளவுதான் உறவு. இரண்டாம் பாகம் தொடங்குவதும் ஒரு கான்ட்ராக்ட் வேலையில்தான். சாவரின் என்ற தங்க நிற மக்களின் பேட்டரிகளை ஒரு பூதத்திடமிருந்து காப்பாற்றிக் கொடுக்கிறார்கள். கிளம்பும்போது ராக்கெட் அந்த பேட்டரிகளிலேயே சிலவற்றைச் சுட்டுவிடுகிறது. விளைவு, ஒரு படையே மொத்தக் கும்பலையும் துரத்துகிறது. தொழில் நடத்தும்போது ஒரு கூட்டாளி செய்கிற தப்புக்கு நிறுவனம் முழுக்கப் பொறுப்பு என்று 1932-ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த நோட்ஸிலும் கிடைக்காது.

ஈகோ வந்து கூப்பிடுவதோ இந்து கூட்டுக் குடும்பத்துக்கு. அங்கே கையெழுத்து வேண்டாம், பிறந்தாலே உறுப்பினர். நிர்வாகம் மொத்தமும் கர்த்தா கையில். "நீ என் ரத்தம், அதனால் இது உன் சொத்து" என்பதுதான் அவருடைய ஒரே வாதம். ஒரு பக்கம் சட்டப்படி எதுவுமே இல்லாத, காசுக்காகச் சேர்ந்து காசுக்காகவே சண்டை போடுகிற ஐந்து பேர். இன்னொரு பக்கம் ரத்தமும் ராஜ்ஜியமும். பீட்டர் எதை எடுப்பான் என்பதுதான் படம். அதை முடிவு செய்ய அவன் கொஞ்சம் உட்கார்ந்து பேசத்தானே வேண்டும்?

"ஓவர் ஜோக்" என்ற குற்றச்சாட்டையும் பார்த்துவிடலாம். அது ஓரளவு உண்மை. வில்லன் கூட்டத்துத் தலைவன் டேசர்ஃபேஸ் பெயரை வைத்து ராக்கெட் சிரிப்பது முதல் தடவை சிரிப்பு, மூன்றாவது தடவை கொட்டாவி. மாண்டிஸ் என்ற அப்பாவிப் பெண்ணை ட்ராக்ஸ் "அசிங்கமா இருக்கே" என்று திரும்பத் திரும்பச் சொல்வதை காமெடி என்று எழுதியவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். இதெல்லாம் இருந்தும் குட்டி க்ரூட் ஒரு துடுப்பை எடுத்துவரச் சொன்னால் வேறு எதையெதையோ தூக்கிக்கொண்டு வரும் காட்சி ஒன்று போதும், டிக்கெட் காசு வசூல்.

வசூல் என்றதும் கணக்கு. முதல் பாகம் உலகம் முழுக்க சுமார் 77 கோடி டாலர், இரண்டாம் பாகம் சுமார் 86 கோடி. அப்படியானால் இரண்டாவதுதான் அதிகம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. அமெரிக்காவில் முதல் பாகத்தின் முதல் வார இறுதி வசூல் 9.4 கோடி டாலர், ஓடி முடித்தபோது சுமார் 33 கோடி. அதாவது மூன்றரை மடங்கு. இரண்டாம் பாகம் முதல் வார இறுதியிலேயே 14.6 கோடியை அள்ளியது, முடிவில் சுமார் 39 கோடி. இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே. ஆரம்பத்தில் வந்த கூட்டம் முதல் படம் சம்பாதித்து வைத்த நற்பெயரால் வந்தது (கணக்குப்பதிவியலில் ஃபார்முலா போட்டு மதிப்புக் கட்டுவோமே, அதே நற்பெயர்தான்). இரண்டாம் பாகங்களுக்கு இது சகஜம். ஆனால் அங்கே முதல் நாள் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் மார்க் வாங்குகிற சினிமாஸ்கோர், இரண்டு படத்துக்கும் ஒரே "ஏ" தான் கொடுத்தது. பார்த்தவர்கள் ஏமாந்து வெளியே வரவில்லை. "நல்லா இருந்துச்சு, ஆனா..." என்று இழுத்துக்கொண்டே வந்தார்கள். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

தமிழ்நாட்டில் இந்தப் படம் வந்த நேரம் அப்படி. ஒரு வாரத்துக்கு முன்னால், ஏப்ரல் 28-ல், "பாகுபலி 2" வந்துவிட்டது. எந்த தியேட்டரைப் பார்த்தாலும் பாகுபலி. அதுவும் இரண்டாம் பாகம், அதுவும் குடும்பக் கதை. அருவிக்குக் கீழே மலைக்கிராமத்தில் சங்கா (நம்ம ரோகிணி) வளர்த்த பையன், தன் அப்பா ஒரு மன்னன் என்று தெரிந்ததும் வாளை எடுக்கிறான், அரியணையைப் பிடிக்கிறான். தியேட்டர் அதிர்ந்தது. இருபத்தைந்து வருடம் கண்ணுக்குள் வைத்து வளர்த்த அந்தச் சங்காவுக்கு இரண்டாம் பாகத்தில் பெரிதாக வேலையே இல்லை. அதை யாரும் குறையாகச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. ரத்தம் கூப்பிட்டது, பிள்ளை போனான், நியாயம்தானே என்று விட்டுவிட்டோம். அதே கோடையில் இன்னொரு பிள்ளை, தன் அப்பன் கடவுள் என்று தெரிந்த பிறகும் அவனை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, திருடனின் பிணத்துக்கு முன்னால் நின்று அழுதான். "என்னதான் இருந்தாலும் பெத்த அப்பன்" என்ற முணுமுணுப்பு வந்தது இதற்குத்தான்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று பழமொழி வைத்திருக்கிற ஊரில் இது ஆச்சரியமில்லை. ஆனால் இதே ஊர்தான் 1964-ல் "கர்ணன்" பார்த்து அழுதது. 2012-ல் டிஜிட்டலில் மறுபடி வந்தபோதும் நூறு நாளைத் தாண்டி ஓடவிட்டது. பெற்ற தாய் நேரில் வந்து "நீ என் மகன்" என்று சொன்ன பிறகும் தேரோட்டி வீட்டையும் துரியோதனனையும் விட்டுக் கிளம்பாதவன் கர்ணன். அவன் சாகப்போகிறவன் என்பதால் அதை நம்மால் ஏற்க முடிந்தது போலிருக்கிறது. 1991-ல் மணிரத்னம் அதே கர்ணனை "தளபதி" ஆக்கியபோது கணக்கு மாறிவிட்டது. நண்பன் தேவா சாகிறான், பெற்ற அம்மா கடைசியில் சூர்யாவோடு தங்குகிறார். ரத்தம் வந்து சேர்ந்தது, தேர்ந்தெடுத்த உறவு போனது. தியேட்டருக்கும் நிம்மதி. இந்த நிம்மதியைத் தராததுதான் கார்டியன்ஸ் இரண்டாம் பாகம் செய்த குற்றம்.

இவ்வளவு சொல்லிவிட்டு யோண்டுவை தெய்வமாக்கிவிடவும் கூடாது. வளர்த்தவன் என்பதற்காக அவன் செய்ததெல்லாம் சரியாகிவிடாது. ஈகோவிடம் பிள்ளைகளைக் காசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன்தான். அந்தப் பிள்ளைகளின் எலும்புகள் ஒரு குகை நிறையக் கிடக்கின்றன. உண்மை தெரிந்த பிறகு பீட்டரை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டான், அதையும் பாசமாகக் காட்டாமல், தின்றுவிடுவேன் என்று மிரட்டியே வளர்த்தான். சொந்தக் கூட்டத்து ஆட்கள் கலகம் செய்ததும் ஒரு அம்பை விட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கொல்கிறான். அவனை நம்பி நின்றவர்களைக் கலகக்காரர்கள் கொன்றார்கள், அது சரி. இருந்தாலும் அத்தனை பிணங்களுக்கும் ஒரு விசில், யோண்டு ஒருவனுக்கு மட்டும் வானம் நிறைய வாணவேடிக்கை. குளோசப் கிடைத்தவன்தான் குடும்பம் என்று படம் நினைக்கிறது. இந்த இடத்தில் படத்தைக் குறை சொல்கிறவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

அதைவிடப் படம் நன்றாகச் செய்திருப்பது கமோரா-நெபுலா கதை. இரண்டு பேரையும் கடத்தி வந்து வளர்த்தவன் தானோஸ். சண்டை போட வைப்பான், தோற்கும் ஒவ்வொரு தடவையும் நெபுலா உடம்பில் ஒரு பாகத்தைப் பிடுங்கி இயந்திரத்தை வைப்பான். நீ ஜெயிக்க நினைத்தாய், எனக்கு ஒரு சகோதரி வேண்டியிருந்தது என்று நெபுலா கத்தும் இடத்தில் தியேட்டரில் ஒரு ஜோக்குக்கும் இடமில்லை. வளர்த்தவர்களிலும் ராட்சசர்கள் உண்டு என்று படம் இங்கே மறக்காமல் சொல்லிவிடுகிறது. "பெத்தது பெரிசா வளர்த்தது பெரிசா" என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் வசதியாக விட்டுவிடும் பக்கம் இது.

யார் எந்தப் பக்கம் நின்று படத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் இருக்கிறது. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையம் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் டேங்க் ஃபேக்டரி, அதைச் சுற்றி மற்ற பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள். பஞ்சாபில் ஒரு வீடு, கேரளாவில் ஒரு வீடு, ஒடிசாவில் ஒரு வீடு என்று இருந்தவர்கள் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வந்து சேர்கிற இடம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் அடித்தால் சொந்த அத்தை இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருப்பாள். கதவைத் தட்டினால் எழுந்து வருவது, உடைந்த இந்தியும் உடைந்த தமிழும் பேசுகிற எதிர் வீட்டு ஆன்ட்டிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாவி அந்த வீட்டில், சாப்பாடும் அந்த வீட்டில். அப்படி வளர்ந்த பிள்ளைகளிடம் போய் "ரத்த பந்தம்தான் கடைசி வரைக்கும் வரும்" என்று சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டார்கள். பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். யோண்டு சாகும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே மூக்கை உறிஞ்சுவார்கள். சித்தி வீட்டில் வளர்ந்தவர்கள், ஹாஸ்டலில் வளர்ந்தவர்கள், "உன் சொந்த அம்மாவா?" என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்கப்பட்டவர்கள், இவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். படத்தின் நடுவில் வரும் அந்தப் பேச்சு அவர்களுக்கு இழுவையாக இருக்க நியாயமில்லை. சொந்தக் குடும்பம் சேதாரமில்லாமல் கிடைத்தவர்கள் அந்த நேரம் பாப்கார்ன் வாங்கப் போகலாம், தப்பில்லை.

2018 ஜூலையில் இயக்குனர் ஜேம்ஸ் கன்னை அவருடைய பழைய ட்வீட்டுகளுக்காக டிஸ்னி வெளியே அனுப்பியது. அந்த ட்வீட்டுகள் மட்டமானவை, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் படத்தில் நடித்த முக்கிய நடிகர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்காகக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் வெளியிட்டார்கள். 2019 மார்ச்சில் அவர் திரும்ப அழைக்கப்பட்டார், மூன்றாம் பாகத்தையும் அவரே எடுத்தார். ஒரு கூட்டாளி செய்த தப்புக்கு மொத்த நிறுவனமும் நின்ற கதை மறுபடியும், இந்த முறை திரைக்கு வெளியே.

அந்த மூன்றாம் பாகத்தின் முடிவில் கும்பல் பிரிந்துவிடுகிறது. பீட்டர் பூமிக்குத் தன் தாத்தாவைத் தேடிப் போகிறான், மாண்டிஸ் தன் வழியில் கிளம்புகிறாள், கேப்டன் பதவி ராக்கெட்டுக்கு வருகிறது. "இவ்வளவு கஷ்டப்பட்டுக் குடும்பமாக்கிட்டு எதுக்குப் பிரிக்கணும்?" என்று நிறையப் பேர் கோபப்பட்டார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இருந்திருக்காது. மூன்று வருடத்துக்கு ஒருமுறையோ நான்கு வருடத்துக்கு ஒருமுறையோ எதிர் வீட்டு வாசலில் லாரி வந்து நிற்பதும், பீரோவும் சைக்கிளும் ஏறுவதும், போஸ்டிங் அசாமா ஜோத்பூரா என்று கேட்டு வைத்துக்கொள்வதும் அவர்கள் பார்த்ததுதான். லாரி போன பிறகும் அந்த ஆன்ட்டி, ஆன்ட்டிதான். தீபாவளிக்கு முதல் போன் அங்கிருந்துதான் வரும்.