பீடி பிடிப்பவருக்கு ஆபரேஷன்: வலியை அடக்குவது எப்படி?

சாயர்புரத்துக்காரர் ஒருவர் குடல் இறக்க ஆபரேஷனுக்காகத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் தினமும் ஒரு கட்டு பீடி பிடிப்பவர். ஆபரேஷன் முடிந்ததும், பக்கத்துக் கட்டில்காரரைவிட அவருக்கு வலி அதிகம் தெரியலாம். ஏன்?

புகையிலையில் உள்ள நிகோடின், புகைத்த உடனே வலியைச் சற்று மறைக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் புகைத்தால், உடம்பு வலியை அதிகமாக உணரத் தொடங்கும். ஆஸ்பத்திரியில் பீடி கிடையாது. அந்தத் தவிப்பும் வலியோடு சேர்ந்து கொள்ளும்.

அபின் மருந்து

கடும் வலிக்கு மார்பின் போன்ற அபின் இன மருந்துகள் கொடுப்பது உண்டு. நல்ல மருந்துகள்தான். ஆனால் அளவு கூடினால் மூச்சு குறையும், இருமலும் அடங்கிவிடும்.

புகைப்பவர் நெஞ்சில் சளி அதிகம். இருமித் துப்பாவிட்டால் நிமோனியா வரலாம். வலி இருந்தாலும் இரும முடியாது. மருந்து மிஞ்சினாலும் இரும முடியாது. இதுதான் சிக்கல்!

இந்த மருந்துகள் பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் 'டிரமடால்' மாத்திரையை மத்திய அரசு 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது.

வேறு வழிகள்

ஒரே மருந்தை அதிகம் கொடுக்காமல், பல வழிகளைச் சேர்த்துக் கையாளலாம். ஆபரேஷன் செய்யும் இடத்துக்குப் போகும் நரம்பின் அருகே, மரத்துப்போகும் ஊசி போடலாம். பாரசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுக்கலாம். டைக்ளோபினாக் போன்ற மருந்துகளும் உதவும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அவை ஆகாது. எனவே, கடையில் நாமே வாங்கி விழுங்கக் கூடாது.

அமெரிக்காவில் 2025 ஜனவரியில் 'சுசெட்ரிஜின்' என்ற புது மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. இது அபின் இனம் அல்ல. வலிச் செய்தியை நரம்பிலேயே தடுக்கிறது. ஆயினும், அபின் இன மாத்திரையைவிட இது சிறந்தது என்று சோதனைகளில் தெரியவில்லை.

செலவில்லாத மருந்து

ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே புகையை விட்டால் தொல்லைகள் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவித்தது. புண்ணும் நன்றாக ஆறும். விட முடியவில்லையா? 1800112356 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பீடி பிடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவர் வெட்கமாக நினைத்தால், வீட்டில் உள்ளவர்களாவது சொல்லிவிடுங்கள். முத்துக் குளித்தவர்கள் மூச்சை நம்பியே பிழைத்த கடற்கரை இது. மூச்சின் அருமை நமக்குத் தெரியாததா?