பாராட்டு வேறு, சம்பளம் வேறு

சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வரும் நாளில் மனதுக்குள் புழுங்காதவர்கள் குறைவு. வேலை பார்த்தவர் ஒருவர், பேர் வாங்கியவர் இன்னொருவர். காரியம் முடிந்ததும் கறிவேப்பிலையாக ஒதுக்கப்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். இவர்களில் கிறிஸ்தவர்களுக்கு ஆலயத்தில் வழக்கமாகக் கிடைக்கும் ஆறுதல் ஒன்றுதான்: மனிதர் கண்டுகொள்ளாவிட்டால் என்ன, கர்த்தர் பார்க்கிறார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு, சீறுபவர்களும் உண்டு. முதலாளிக்கு இதைவிடத் தோதான பேச்சு வேறு உண்டா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்த ஆறுதலை வாய்ப்பூட்டு என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவருக்கு, உரிமையைக் கேட்கும் தெம்பும் அதிலிருந்தே வருகிறது.

இதற்கு நான் காட்டும் சாட்சி, இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாஹ். ஜெர்மனியின் லைப்சிக் நகரசபை 1722-ல் தேவாலய இசைக்குப் பொறுப்பாளர் தேடியபோது முதலில் அழைத்தது இசையமைப்பாளர் டெலிமானை. அவர் ஹாம்பர்க்கிலேயே சம்பளத்தைக் கூட்டி வாங்கிக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்து அழைத்த கிராப்னரை அவருடைய பிரபு விடவில்லை. மிஞ்சியவர் பாஹ். சிறந்தவர் கிடைக்காதபோது நடுத்தரமானவரை எடுக்க வேண்டியதுதான் என்ற பொருளில் சபை உறுப்பினர் ஒருவர் பேசியது ஆவணத்தில் இருக்கிறது. வந்த முதல் சில ஆண்டுகளில் அந்த நடுத்தரமானவர் ஏறக்குறைய வாரம் ஒன்றாக, பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்த கன்டாட்டாக்களை எழுதிக் குவித்தார். அவருடைய தேவாலயக் கன்டாட்டாக்களில் சுமார் 200 இன்றைக்கும் கிடைக்கின்றன. சபையின் கண்ணில் இதெல்லாம் படவில்லை. 1730-ல் அவர் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்று கூட்டத்தில் பேசி, வருமானத்தில் கைவைக்கத் தீர்மானித்தார்கள். 1749-ல் அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் இறந்தால் அந்த இடத்துக்கு யார் என்று இன்னொருவரை வரவழைத்து இசை நடத்தச் சொல்லிப் பார்த்தார்கள்.

பாஹ் ஆழ்ந்த லூத்தரன் விசுவாசி. தம் இசைப் படிகள் பலவற்றின் தொடக்கத்தில் இயேசுவின் உதவியை வேண்டியும், முடிவில் மகிமை கடவுளுக்கே என்றும் லத்தீன் முதலெழுத்துகளில் எழுதி வைத்தார். அப்படிப்பட்டவர் எல்லாம் மேலே இருப்பவருக்குத் தெரியும் என்று பேசாமல் இருந்தாரா? இல்லை. அதே 1730 ஆகஸ்டில் நகரசபைக்கு விரிவான மனு ஒன்று எழுதினார். தேவாலய இசைக்கு எத்தனை பாடகர்கள் வேண்டும், எத்தனை வாத்தியக்காரர்கள் வேண்டும் என்று கணக்குச் சொல்லி, கையில் இருக்கும் மாணவர்களில் தேறியவர்கள் 17, இன்னும் தேறவேண்டியவர்கள் 20, தேறாதவர்கள் 17 என்று பட்டியலும் போட்டார். அக்டோபரில் பழைய நண்பர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில் வேறு வேலை கிடைக்குமா என்று விசாரித்தார். மேலிடத்துக்கு இசையில் அக்கறை இல்லை என்று குமுறினார். சாவுச் சடங்குகளில் கிடைக்கும் கட்டணமும் அவருடைய வருமானத்தில் ஒரு பங்கு. ஊரில் நல்ல காற்று வீசி ஜனங்கள் ஆரோக்கியமாக இருந்துவிட்டதால் முந்தைய ஆண்டு 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பக்தர் வாயிலிருந்து வரக்கூடிய பேச்சா என்று முகம் சுளிக்கலாம். எனக்கோ இந்தக் கடிதம்தான் அவருடைய பக்தியை நம்பவைக்கிறது. வீட்டுச் செலவை மறைத்துக்கொண்டு பேசும் பக்தியை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அவர் வைத்திருந்த, காலோவ் என்பவரின் விளக்கவுரை சேர்ந்த பைபிள் இன்றும் இருக்கிறது. மலைப்பிரசங்கத்தில் கோபத்தைப் பற்றிய இடத்தில், சொந்த அவமானத்துக்காகக் கோபப்படாதே, ஏற்றிருக்கும் பொறுப்புக்காகக் கோபப்படலாம் என்ற கருத்தில் வரும் பகுதிக்கு பாஹ் குறி போட்டு வைத்திருக்கிறார். ஆறுதல் வேலை செய்யும் விதம் இங்கே துலங்குகிறது. என் உழைப்புக்கு மதிப்பு உண்டா இல்லையா என்ற கடைசித் தீர்ப்பு நகரசபையின் கையில் இல்லை என்று ஆனபிறகு, அந்தச் சபையிடம் கேட்கவேண்டியதைக் கெஞ்சாமல் கேட்கலாம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த ஞாயிறு இசை தரம் குறையாமல் அரங்கேறும். பாராட்டுக்கு ஏங்குகிறவரால் இது முடியாது. அவர் ஒரு நல்ல வார்த்தைக்காக உரிமையை விட்டுக்கொடுப்பார், அல்லது அது கிடைக்காத ஆத்திரத்தில் வேலையைக் கெடுத்துக்கொள்வார்.

இப்போது, இது முதலாளிக்குத் தோதான பேச்சு என்ற அந்தச் சீற்றத்துக்கு வருவோம். மதத்தை அபின் என்ற மார்க்சின் குற்றச்சாட்டுக்கு வரலாற்றில் ஆதாரம் நிறையவே இருக்கிறது. எதைச் செய்தாலும் மனிதருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று செய்யுங்கள் என்ற பவுலின் அறிவுரை கொலோசெயர் நிருபத்தில் அடிமைகளைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அமெரிக்கத் தோட்ட முதலாளிகளுக்கு இத்தகைய வசனங்கள் தித்தித்தன. ஆனால் அடிமைமுறையைக் காத்தவர்களுக்கு முழு பைபிள் தித்திக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று 1807-ல் லண்டனில் ஒரு பைபிள் சுருக்கம் அச்சானது. அதில் கீழ்ப்படியச் சொல்லும் பகுதிகள் இருந்தன. எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலையாகிப் புறப்படும் கதை வெட்டப்பட்டிருந்தது. வெறும் தூக்க மருந்தென்றால் கத்தரிக்கோலுக்கு என்ன வேலை? அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரல் இடுகிறது என்று யாக்கோபு பணக்காரர்களை எச்சரிப்பதும் அதே புத்தகத்தில்தான். பதின்மூன்றாம் லியோ போப் 1891-ல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், தொழிலாளி வேறு வழியின்றி ஒப்புக்கொண்ட குறைகூலி நியாயமாகிவிடாது என்றது. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஆதரித்தது.

வேலையில் உள்ள பெருமிதம் போதாதா, இதற்குக் கடவுள் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்யச் சொல்லும் கீதையின் வழியிலும் பலர் நிம்மதி கண்டிருக்கிறார்கள். கிறிஸ்தவம் சொல்வது கொஞ்சம் வேறு. பார்க்கப்பட வேண்டும் என்ற ஆசையை அது துறக்கச் சொல்வதில்லை, பார்க்கிற ஒருவரைக் காட்டுகிறது. ஆதியாகமத்தில் எசமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிய அடிமைப்பெண் ஆகார், கடவுளை அழைத்ததே தன்னைக் காண்கிறவர் என்றுதான். தூதன் அவளை எசமானியிடமே திரும்பிப் போகச் சொன்னான் என்பது அந்தக் கதையில் எனக்கு இன்றும் உறுத்தும் இடம். அதைப் பூசி மெழுக விரும்பவில்லை.

உறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த ஆறுதலை அதிகம் கெடுப்பவர்கள் வெளியே இருக்கும் நாத்திகர்கள் அல்லர். சபைகளும் கிறிஸ்தவ நிறுவனங்களும் நடத்தும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சம்பளம் பற்றி வாய் திறக்கும் ஆசிரியையிடமும் நர்ஸிடமும், 'இது ஊழியம் அம்மா, பலன் பரலோகத்தில்' என்று சொல்லும் நிர்வாகிகள்தாம். கர்த்தர் பார்க்கிறார் என்பதை உழைப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டால் அது விசுவாசம். சம்பளம் கொடுக்க வேண்டியவர் சொன்னால் அது பாக்கி. பாராட்டு கிடைக்காத குறையை விசுவாசம் ஆற்றலாம். அதை வைத்துச் சம்பளப் பட்டியலை நிரப்ப வேதத்தில் இடமில்லை. அந்த ஆசிரியைக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தத் திட்டமிடும் தாளாளர், அவருடைய வருங்கால வைப்பு நிதி ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்க்கட்டும்.