நிலம் வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும்!

"அடுத்த தங்கம் தண்ணீர்தான்"னு ஒரு ஃபார்வர்டு அடிக்கடி சுத்துது. அதுல முதலீடு பண்ணலாமான்னு யோசிக்கிறவங்க, தண்ணீர் நிஜமாவே மார்க்கெட்டுக்கு வந்த ஒரு இடத்தை முதல்ல பார்த்துடுங்க.

ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகை. அங்கே நிலம் வேற, தண்ணீர் உரிமை வேற. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர் தண்ணீர் உரிமையை வாங்கி வைக்கலாம், விற்கலாம். ஒரு சிஏ-வா பார்த்தா அழகான ஏற்பாடு. மழை பொய்த்த வருஷம் நெல் விவசாயி விதைக்காம, தன் பங்குத் தண்ணீரை விற்றுக் காசு பார்க்கலாம். வறட்சியில் பலர் தாக்குப்பிடிச்சது இப்படித்தான். இதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல், அதை வாங்குறவர் யாருங்கிறதுல இருக்கு. நெல்லை ஒரு வருஷம் நிறுத்தலாம். பாதாம் மரத்துக்கு லீவு விட முடியுமா? தண்ணீர் இல்லேன்னா பல வருஷ முதலீடு காய்ஞ்சு போயிடும். அதனால என்ன விலை சொன்னாலும் கொடுத்துதான் ஆகணும். 2019 வறட்சியில் தண்ணீர் விலை எகிறினப்போ, மேய்ச்சல் புல்லுக்காகத் தண்ணீர் வாங்கும் பால் பண்ணைக்காரர்களால் இவங்களோட போட்டி போட முடியல.

இந்த மாதிரி பெரிய தோப்புகளுக்குப் பின்னால் ஓய்வூதியப் பணமும் இருக்கு. கனடா மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியை நிர்வகிக்கும் பிஎஸ்பி, 2020-ல் வெப்ஸ்டர் நிறுவனத்தை வாங்கியது. வால்நட் தோப்புகளோடு ஏராளமான தண்ணீர் உரிமையும் வைத்திருந்த நிறுவனம் அது. எல்லாம் சட்டப்படிதான். ஆனா மாசா மாசம் பென்ஷனுக்குப் பிடித்தம் கட்டுற ஒட்டாவா கிளார்க்குக்கு, தன் பணம் எந்த ஆற்றுத் தண்ணீர்ல இருக்குன்னு தெரிஞ்சிருக்குமா? நம்ம பிஎஃப் எங்கே போகுதுன்னு நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கோம்!

2021-ல் ஆஸ்திரேலியப் போட்டி ஆணையம் இந்தச் சந்தையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. தரகர்களுக்குச் சரியான கட்டுப்பாடு இல்லை, விலையில் விளையாடுறதைத் தடுக்கப் போதிய விதிகள் இல்லை, மொத்தத்தையும் கண்காணிக்க ஒரே அமைப்பும் இல்லைன்னு அதுல சொல்லியிருக்காங்க. செபி இல்லாத பங்குச் சந்தையை நினைச்சுப் பாருங்க. சந்தை வந்ததை நான் தப்புன்னு சொல்லல. விதி வர்றதுக்கு முன்னாடியே பெரிய பணம் வந்துடுச்சு, அதுதான் தப்பு.

'வாட்டர்'னு பேர் வச்ச ஒரு சர்வதேச ஃபண்டை யாராவது உங்ககிட்ட நீட்டினா, ஃபாக்ட்ஷீட்ல முதல் 10 பங்குகளைப் பாருங்க. பம்ப், மீட்டர், சுத்திகரிப்பு கம்பெனிகளா, இல்லை தண்ணீர் உரிமையையே குவிச்சு வச்சிருக்கிற கம்பெனிகளா? இரண்டாவது வகைக்கு வறட்சி வந்தாதான் நல்ல லாபம். அதுல நான் பணம் போட மாட்டேன்.